நமக்குக் கசப்பது சிலருக்கு ஏன் இனிக்கிறது? சமூக விரோத ஆளுமைக் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிதடி, போலீஸ் துரத்தல், நூலிழையில் தப்பிய விபத்து, ரத்தம் தெறிக்கும் வீடியோ. பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இந்தச் சங்கதிகள் சிலருக்கு மட்டும் உற்சாகம் தருகின்றன. சமூக விரோத ஆளுமைக் கோளாறு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதாகச் சொல்கிறார்கள். ஏன் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அறுபது எழுபது ஆண்டுகளாகச் செய்யப்பட்ட சில நல்ல பரிசோதனைகள் உண்டு. அவற்றை வைத்து இங்கே பேசலாம்.

முதலில், இந்தக் கோளாறு என்று யாரைச் சொல்கிறார்கள்?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை அடையாளம் காண உதவும் டி.எஸ்.எம்.-5 கையேடு ஏழு அறிகுறிகளைச் சொல்கிறது. சட்டத்தை மதிக்காமை, பொய்யும் ஏமாற்றும், முன்பின் யோசிக்காமல் பாய்வது, எரிச்சலும் கைகலப்பும், தன் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் பொருட்படுத்தாமை, பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை. இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஆள் 18 வயதைத் தொட்டிருக்க வேண்டும்; நடத்தைக் கோளாறு (விதிகளை மீறுவதும் பிறரைத் துன்புறுத்துவதும் தொடர்வது) 15 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். அதே கையேட்டின்படி ஓர் ஆண்டில் 0.2 முதல் 3.3 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம். சிறைகளில் கதை வேறு. 12 நாடுகளில் நடந்த 62 கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, ஆண் கைதிகளில் 47 சதவீதம், பெண் கைதிகளில் 21 சதவீதம் என்றது.

அந்த ஏழில் “தன் பாதுகாப்பையும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சைக்கோபாத் என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஆனால் நிறைய இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று விழும். சைக்கோபாத் என்றால் இரக்கமும் குற்ற உணர்வும் மிகக் குறைந்த ஆள். அதை அளக்கக் கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கிய 20 அம்ச அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 40 மதிப்பெண். வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் சைக்கோபாத் என்று கணக்கு. ஆண் கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருக்கும். இந்த 30-ஐத் தொடுபவர்கள் 15 முதல் 25 சதவீதம்தான் என்பது ஹேர் சொல்லும் கணக்கு. ஹேரின் பட்டியலில் கிளர்ச்சியை, அதாவது விறுவிறுப்பை, தேடுவதும் சீக்கிரம் சலித்துப்போவதும் தனி அம்சமாகவே இருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே வரும் பரிசோதனைகளில் பல, சைக்கோபாத் தன்மை அதிகம் உள்ளவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. கோளாறு உள்ள எல்லாருக்கும் அவை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவர்களுக்குப் பயமே கிடையாதாமே?

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் டேவிட் லிக்கன். 1957-இல் அவர் வெளியிட்ட பரிசோதனை இப்படி: இருபது கட்டங்கள் கொண்ட ஒரு புதிர்ப்பாதை, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு நெம்புகோல்கள். ஒன்று சரியான வழி. தவறான மூன்றில் ஒன்றைத் தொட்டால் மின் அதிர்ச்சி. சரியான வழியைக் கற்றுக்கொள்வதுதான் வேலை என்று சொல்லப்பட்டது. அதிர்ச்சி தரும் நெம்புகோலைத் தவிர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சாதாரண ஆட்கள் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். சைக்கோபாத் வகையினரும் பாதையைச் சரியாகவே கற்றார்கள், கற்கும் திறனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதிர்ச்சி தரும் நெம்புகோலை மட்டும் அவ்வளவாகத் தவிர்க்கவில்லை.

1965-இல் ஹேர் வேறொரு வழியில் பார்த்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் வரிசையாக வரும். எட்டு வரும்போது அதிர்ச்சி. ஐந்து, ஆறு, ஏழு என்று நெருங்க நெருங்க நமக்கு உள்ளங்கை வியர்க்கும். அவர்களுக்கு அந்த வியர்வை ஏறவே இல்லை, ஏறினாலும் கடைசி நிமிடத்தில் கொஞ்சம்தான். எட்டாம் எண் வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தது உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

இதை வைத்து “பயமே இல்லாதவர்கள்” என்று நீண்ட நாள் பேசிவந்தார்கள். 2016-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, இதைப் பிரித்துப் பேச வேண்டும் என்றார்கள். ஆபத்தைத் தானாகக் கண்டுகொண்டு உடம்பு எதிர்வினை காட்டுவது ஒன்று; “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று உணர்வது இன்னொன்று. முதலாவதில் குறை இருப்பதற்குச் சான்று உண்டு. இரண்டாவது இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சான்று கிடையாது. ஆக, எச்சரிக்கை மணி மந்தம். பயம் என்ற உணர்வே இல்லை என்பது மிகைப்படுத்தல்.

சரி, பயம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படிச் சுகமாக மாறும்?

இதே 2016-இல் கனடாவின் புராக் பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டார்கள். திகிலூட்டும் வீடியோக்களைக் காட்டி, உடம்பு என்ன செய்கிறது என்றும் பார்த்தார்கள், மனசு என்ன சொல்கிறது என்றும் கேட்டார்கள். சைக்கோபாத் குணங்கள் அதிகம் உள்ளவர்களின் உடம்பும் கிளர்ச்சி அடையத்தான் செய்தது. ஆனால் அந்தக் கிளர்ச்சியை அவர்கள் பயம் என்று சொல்லவில்லை, உற்சாகம் என்றார்கள். பார்த்தவர்கள் கைதிகள் அல்லர், கோளாறு இருப்பதாக முத்திரை குத்தப்பட்டவர்களும் அல்லர். அதனால் இதை முதல் தடயம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் எனக்கு இந்தத் தடயம் முக்கியமாகப் படுகிறது. படபடக்கும் நெஞ்சு ஒன்றுதான். அதற்கு நாம் ‘பயம்’ என்று பெயர் வைக்கிறோம், அவர்கள் ‘ஜாலி’ என்று வைக்கிறார்கள்.

இதைவிட ஆழமான சான்று 1993-இல் வந்தது. கிறிஸ்டோபர் பேட்ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் சிறையில் இருந்த 54 பாலியல் குற்றவாளிகளுக்குப் படங்களைக் காட்டினார்கள். சில இனிமையானவை, சில சாதாரணமானவை, சில அருவருப்பானவை. படம் பார்க்கும்போது திடீரென்று காதில் ஓர் இரைச்சல். உடனே கண் சிமிட்டும் அல்லவா, அந்தச் சிமிட்டலின் வலுவை அளந்தார்கள். மனிதர்களுக்குப் பொதுவான இயல்பு: நல்ல படம் பார்க்கும்போது சிமிட்டல் மெலியும், கெட்ட படம் பார்க்கும்போது வலுக்கும். ஏற்கெனவே தற்காப்பில் இருக்கும் உடம்பு இன்னும் துள்ளுகிறது என்று விளக்கம்.

சைக்கோபாத் மதிப்பெண் அதிகம் உள்ளவர்களுக்கு நல்ல படத்துக்கும் சிமிட்டல் மெலிந்தது, கெட்ட படத்துக்கும் மெலிந்தது. இவ்வளவுக்கும் “இந்தப் படம் எப்படி?” என்று கேட்டபோது மற்றவர்களைப் போலவே “மோசம்” என்றுதான் மதிப்பெண் போட்டிருந்தார்கள். வாய் ஒன்று சொல்கிறது, இமை வேறொன்று சொல்கிறது. நமக்குத் தற்காப்பைக் கிளப்பும் காட்சி அவர்களுக்குக் கவனத்தை இழுக்கும் காட்சியாக மட்டும் இருக்கிறது.

“கெட்ட அனுபவம் அவர்களுக்குப் பிடிக்கும்” என்று நாம் சொல்லும்போது நம் அளவுகோலை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த அனுபவத்தில் கெட்டது என்று நாம் உணரும் பங்கு அவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது. விறுவிறுப்பு என்னும் பங்கோ முழுசாகச் சேர்கிறது. அப்படிப் பார்த்தால் அவர்கள் செய்யும் கணக்கு அவ்வளவு விசித்திரமானது இல்லை.

நமக்கும்தான் திகில் படம் பிடிக்கிறது, காரம் பிடிக்கிறது. என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. பால் ரோசின் என்ற உளவியலாளர் இதற்குத் தீங்கில்லாத வலிவிருப்பம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார். அவர் ஆராய்ந்த முக்கியமான பொருள் மிளகாய். ஆந்திரா மெஸ்ஸில் கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் பொடி போடுங்க” என்று கேட்பவரைப் பார்த்திருப்பீர்கள். நாக்கு ‘ஆபத்து’ என்கிறது, ‘ஒன்றும் ஆகாது’ என்று மனசுக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் சுகம் என்பது அவர் வாதம்.

இங்கே ‘ஒன்றும் ஆகாது’ என்பது உண்மை. ராட்டினத்தில் பெல்ட் போட்டிருக்கிறார்கள், திகில் படம் பத்து மணிக்கு முடிந்துவிடும். கோளாறு உள்ளவர் எதிர்த்திசையில் வண்டி ஓட்டும்போது அந்தப் பாதுகாப்பு வளையம் கிடையாது. இருப்பதைப் போல அவர் உடம்பு நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். எதிரே வருகிறவருக்கும் அந்த வளையம் இல்லை என்பது அவர் கணக்கில் வருவதே இல்லை.

சலிப்புதான் காரணம் என்கிறார்களே?

பெரிய காரணம். என்னைக் கேட்டால், பயத்தைவிட இதைத்தான் முதலில் வைப்பேன்.

1965-இல் ஹெர்பர்ட் குவே என்பவர், சைக்கோபாத் நடத்தையை நோயாகிப்போன கிளர்ச்சித் தேடல் என்று விளக்கினார். அவர்களின் உடம்பு சாதாரண நிலையிலேயே தணிந்து கிடக்கிறது; அந்தத் தணிவு சகிக்க முடியாதது; அதைக் கிளப்பிவிட எதுவாக இருந்தாலும் சரி என்பது சுருக்கம். அடிபட்டாலும் பரவாயில்லை, சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

இதயத் துடிப்பு பற்றிய ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன. ஸ்வீடனில் ராணுவச் சேர்ப்புக்கு வந்த 7,10,264 இளைஞர்களின் துடிப்பை எடுத்து, பின்னாளில் அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்குக் கீழே துடித்தவர்கள், 83 அல்லது அதற்கு மேல் துடித்தவர்களைவிட வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்படும் வாய்ப்பு 39 சதவீதம் அதிகம். அதே ஆட்கள் விபத்திலும் அடிதடியிலும் காயப்படுவதும் அதிகமாக இருந்தது. தாங்களே அடிபடுகிறார்கள் என்ற அந்தப் பின்குறிப்பைத்தான் நம் கேள்விக்கு உதவும் என்று எடுத்துவைக்கிறேன்.

மொரீஷியஸ் தீவில் 1970-களில் 1,795 மூன்று வயதுக் குழந்தைகளைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளி. மூன்று வயதில் துடிப்பு குறைவாகவும் கிளர்ச்சித் தேடல் அதிகமாகவும் இருந்தவர்கள் பதினோரு வயதில் அதிக முரட்டுத்தனம் காட்டினார்கள்.

உங்கள் துடிப்பு 58 என்றால் பதற வேண்டாம். நன்றாக ஓடுகிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இவையெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்கு, ஓர் ஆளைப் பற்றிய ஜாதகம் இல்லை.

சலிப்பின் பலத்தைப் பார்க்கக் கோளாறு உள்ளவர்களிடம்கூடப் போக வேண்டாம். 2014-இல் சயன்ஸ் இதழில் வந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு பிரபலம். சாதாரண ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. அமுக்கினால் மின் அதிர்ச்சி தரும் ஒரு பொத்தான் மட்டும். அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை வாங்கி, “இது வேண்டாம், காசு கொடுத்தாவது தப்பிப்பேன்” என்று சொன்னவர்கள்தான் இவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் தங்களுக்குத் தாங்களே அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். ஒருவர் 190 தடவை! பதினைந்து நிமிடச் சும்மா இருப்புக்கே இந்தக் கதி என்றால், நாள் முழுவதும் அப்படி உணர்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் நிறுத்துவதில்லை. அதுவும் ஒரு சுகமா?

அது சுகத்தைவிடக் கவனத்தின் பிரச்சினை என்று சொன்னவர் உளவியலாளர் ஜோசப் நியூமன். 1987-இல் கைதிகளுக்கு ஒரு சீட்டாட்டம் வைத்தார். நூறு சீட்டு. முதல் பத்தில் ஒன்பது வெற்றி. அடுத்த பத்தில் எட்டு. இப்படி ஒவ்வொரு பத்துக்கும் ஒன்று குறைந்து, கடைசியில் தோல்வி மட்டும்தான். எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகலாம். சைக்கோபாத் வகையினர் மற்றவர்களைவிட அதிகச் சீட்டு ஆடி, அதிகக் காசு விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் பிறகு ஐந்து வினாடி கட்டாயமாகக் காத்திருக்கவைத்து, அதுவரையிலான முடிவுகளையும் கண்முன் காட்டியபோது மற்றவர்களைப் போல நேரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜெயிப்பில் கண் பதிந்துவிட்டால் ஓரத்தில் நடப்பது தெரிவதில்லை என்பது நியூமனின் விளக்கம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ‘தோற்பதில் என்னவோ திருப்தி போல’ என்று தோன்றும்.

அடுத்தவர் வேதனையில் இன்பம் காண்பது இதில் சேருமா?

அது தனிக் கணக்கு. தமிழ் சினிமாவின் ‘சைக்கோ’ வில்லன் சிரித்துக்கொண்டே கத்தியைத் தடவுவதால் இரண்டும் ஒன்று என்று பதிந்துபோயிருக்கிறது. சமூக விரோத ஆளுமைக் கோளாறின் ஏழு அறிகுறிகளில் வதை இன்பம் கிடையாது. வதை இன்ப ஆளுமை என்று ஒன்றை 1987-இல் டி.எஸ்.எம். கையேட்டின் பின்னிணைப்பில் சேர்த்தார்கள், 1994 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

கோளாறு உள்ள பலருக்கு அடுத்தவர் வலி இனிப்பதும் இல்லை, கசப்பதும் இல்லை, பொருட்டே இல்லை. பணத்துக்காக ஒருவரை அடித்தவர், பணம் தானாகக் கிடைத்திருந்தால் அடித்திருக்க மாட்டார். வலிக்காகவே வலி கொடுப்பவர் வேறு ரகம், அவர்கள் சாதாரண மக்களுக்குள்ளும் இருக்கிறார்கள். 2013-இல் கனடாவில் ஒரு பரிசோதனையில், கழிப்பறை கழுவுவது, ஐஸ் நீரில் கை வைப்பது, பூச்சி கொல்ல உதவுவது, பூச்சி கொல்வது என்று சில வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பூச்சிகளுக்கு மஃபின், ஐக், டூட்ஸி என்று பெயர் வேறு. காபி அரைக்கும் இயந்திரம் ஒன்றை அதற்காக மாற்றிவைத்திருந்தார்கள். (பூச்சிகள் உண்மையில் சாகவில்லை, உள்ளே தடுப்பு இருந்தது, பங்கேற்றவர்களுக்குத் தெரியாது.) கொல்வதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வதை இன்ப மதிப்பெண் அதிகம்.

அப்படியானால் இவர்கள் சந்தோஷமாகத்தான் வாழ்கிறார்களா?

இல்லை. இந்தப் பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் விஷயம் இதுதான். அமெரிக்க மக்கள்தொகை ஆய்வு ஒன்றின்படி, இந்தக் கோளாறு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் எப்போதாவது பதற்றக் கோளாறும் இருந்திருக்கிறது. ‘பயமே அறியாதவர்’ என்ற படத்துக்கு இது கொஞ்சமும் பொருந்தவில்லை. லிக்கன்கூட 1957-இலேயே பதற்றம் குறைந்தவர்களையும் பதற்றம் நிறைந்தவர்களையும் இரண்டு குழுவாகப் பிரித்துத்தான் பார்த்தார்.

பதற்றம் நிறைந்த வகையில் பலர் சின்ன வயதில் அடியும் புறக்கணிப்பும் வாங்கியவர்கள். அவர்கள் சண்டையையோ போதையையோ தன்னையே காயப்படுத்திக்கொள்வதையோ தேடிப்போவது உற்சாகத்துக்காக இல்லை. உள்ளே ஓடுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தத்தான். வெளியே தெரியும் நடத்தை ஒன்று, காரணம் நேர் எதிர். ‘அவனுக்கு இதெல்லாம் பிடிக்கும்’ என்று முடிவுகட்டிவிட்டால் இந்த ஆளைத் தவற விட்டுவிடுவோம்.

என் மகன் பைக்கில் பறக்கிறான், திகில் வீடியோவாகப் பார்க்கிறான். அவனுக்கும் இதுவா?

அதை மட்டும் வைத்து, இல்லை. பிறரை ஏமாற்றுவது, துன்புறுத்துவது, திருடுவது, செய்ததற்கு வருந்தாமல் இருப்பது எல்லாம் சின்ன வயதிலிருந்தே தொடர்ந்து வந்தால்தான் மருத்துவர் இந்தத் திசையில் யோசிப்பார். 18-க்குக் கீழே இந்தப் பெயரை வைப்பதே இல்லை. ஹெல்மெட் போடச் சொல்லுங்கள்.

“அடியாத மாடு படியாது” என்பார்கள். கடுமையாகத் தண்டித்தால் திருந்துவார்களா?

1970-இல் ஷ்மாக் என்பவர் செய்த ஒரு பரிசோதனை இதற்குப் பதில். தவறு செய்தால் மூன்று விதத் தண்டனை: மின் அதிர்ச்சி, “தப்பு” என்று முகத்துக்கு நேரே சொல்வது, கையில் இருக்கும் காசைப் பிடுங்குவது. அதிர்ச்சிக்கும் கண்டிப்புக்கும் சைக்கோபாத் வகையினர் மசியவில்லை. காசு போகிறது என்றதும் மற்றவர்களுக்குச் சமமாகக் கற்றுக்கொண்டார்கள். ஆக, கற்க முடியாதவர்கள் இல்லை. நமக்கு வலிக்கும் இடம் அவர்களுக்கு வலிக்கும் இடம் இல்லை.

குழந்தைகளிடமும் இதே போக்குதான். 2005-இல் ஆஸ்திரேலியாவில் 4 முதல் 8 வயதுச் சிறுவர்களின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரக்கமும் குற்ற உணர்வும் குறைந்த பையன்களிடம், நல்லதைப் பாராட்டிப் பரிசளிக்கும் பகுதி மற்ற பையன்களிடம் வேலை செய்த அளவுக்கே வேலை செய்தது. தனியே உட்காரவைக்கும் தண்டனைப் பகுதி அவ்வளவாக எடுபடவில்லை. பெல்ட்டைக் கையில் எடுக்கும் அப்பாக்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

சிகிச்சை உண்டா? வயதானால் குறையுமா?

கோளாற்றுக்கென்றே தனி மருந்து கிடையாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழுவாகச் செய்யும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை) பரிந்துரைக்கிறது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், குடி, போதைக்குத் தனியாக வைத்தியம் பார்க்கச் சொல்கிறது. நாற்பது வயதை நெருங்கும்போது குற்றங்களும் அடிதடியும் பலரிடம் குறைகின்றன. பிறரை மதிக்காத குணம் அந்த வேகத்தில் குறைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நாங்கள் என்ன செய்வது?

“உனக்கு ஏதாவது ஆகிவிடும்” என்ற பயமுறுத்தலும், “எங்களுக்கு எவ்வளவு வேதனை தெரியுமா” என்ற அழுகையும் பெரும்பாலும் எடுபடாது. ஏன் என்று மேலே பார்த்தோம். அவருக்குப் பொருட்டாக இருப்பது பணமா, வண்டியா, வேலையா என்று பார்த்து, அதை ஒட்டி விதிகளை வையுங்கள். சொன்னதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். விறுவிறுப்பு அவருக்குத் தேவை என்றால் அது கிடைக்கும் நேர்வழிகள் உண்டு: குத்துச்சண்டை, மலையேற்றம், ஓடியாடிச் செய்யும் வேலை. இதனால் கோளாறு குணமாகிவிடாது, சில இரவுகளாவது சண்டையில்லாமல் கழியும்.

கடன் கேட்டால் கையெழுத்துப் போடும் முன் வெளியாள் ஒருவரிடம் பேசுங்கள். கை நீட்டினால் அறையை விட்டு, முடிந்தால் வீட்டை விட்டே வெளியேறுங்கள். அந்த நேரத்தில் புரியவைக்க முயல வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அவருக்காக மட்டும் இல்லை, உங்கள் தூக்கம் போயிருந்தால் உங்களுக்காகவும் கூப்பிடலாம்.